கோடியக்கரையில் காயாத எண்ணெய்

நவம்பர் 21, வேதாரண்யம்

திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறும்போதே மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் என் மூட்டைகளை ஒரு நோட்டம் விட்டு, மூன்று கால் ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்து, "சர்வேக்கு வந்திருக்கீங்களாம்மா? எந்தப் பக்கம் ரோடு போடப் போறாங்க?" என்றார். படம் வரைகிற ஸ்டாண்டு என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. பின் சீட்டுப் பெரியவர் ஒருவர், தன் மாந்தோப்பு எந்தச் சர்வே எண்ணில் வருகிறது என்று இறங்கும்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். முக்காலியோடு வருகிற ஆள் எதையாவது அளக்கத்தான் வருவார் என்பது இந்தக் கரையில் எல்லோருடைய முடிவு. அடுத்த நாட்களிலும் அது என்னை விடவில்லை.

வந்த வேலை இதுதான். கோடியக்கரைப் புல்வெளியையும் அதில் மேயும் வெளிமான்களையும் எல்லாப் பருவத்திலும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மே மாத வெயில், ஆகஸ்டில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று, பிப்ரவரிப் பனி எல்லாம் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டன. அடைமழை மட்டும் பாக்கி. மழையில் யாராவது எண்ணெய் வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று கேட்டார்கள். உண்மையில் மழைக்கு ஆகாதது வாட்டர் கலர்தான். ஒரு சாரல் அடித்தால் படமே வழிந்து ஓடிவிடும். எண்ணெய் வண்ணத்தின் மேல் விழுகிற துளி உருண்டு நிற்கும், ஊதினால் போய்விடும். ஊதாமல் அதன் மேலேயே தூரிகையை இழுத்தால்தான் வம்பு. வண்ணம் மோர் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

லாட்ஜில் அறை 800 ரூபாய். டர்பன்டைன் பாட்டிலைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, கதவைத் தட்டினார்கள். "யாரு ரூம்ல பெயின்ட் அடிக்கிறது?" மேனேஜரிடம் பெட்டியைத் திறந்து ட்யூப்களைக் காட்டினேன். பல் விளக்குகிற பேஸ்ட் அளவுக்கு இருக்கிற இதற்கா இவ்வளவு வாடை என்று ஆச்சரியப்பட்டு, மொட்டைமாடிப் படிக்கட்டின் மேல் தளத்தில், தகரக் கூரைக்கு அடியில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். வாடகையைக் குறைக்கவில்லை.

ராத்திரி சாப்பாடு பக்கத்துக் கடையில். இட்லி, அதற்கு முந்தின நாள் மீன்குழம்பு. பழைய குழம்புக்குத் தனியாகக் காசு வாங்க மாட்டார்களாம். "புதுசுன்னா வாங்குவோம்" என்றார் கடைக்காரர். பழசுதான் ருசி என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

நவம்பர் 22, கோடியக்காடு

காலை பஸ்ஸில் கோடியக்காட்டில் இறங்கி, காட்டு வாசலுக்குப் போனால் உள்ளே விடவில்லை. "வண்டித்தடம் பூரா தண்ணி மேடம். கால் புதையும். மழை விட்டா நாளைக்கோ நாளன்னிக்கோ பாக்கலாம்" என்றார் அங்கிருந்த வனக் காவலர். பிறகு என் ஸ்டாண்டைப் பார்த்துக் குழம்பிப் போய்க் கட்டணப் பலகையைப் பார்த்தார். கேமராவுக்குக் கட்டணம் இருந்தது, இதற்கு இல்லை. "போட்டோ மாதிரிதானே?" என்றார். "ஒரு போட்டோவுக்கு மூணு மணி நேரம் ஆகும்" என்றேன். சிரித்துவிட்டார்.

சரி, வந்ததற்கு மட்டக்குதிரையாவது கிடைக்கட்டும் என்று சாலையோரமாகவே நடந்தேன். இங்கே திரியும் குதிரைகள் எப்போதோ மனிதர் வளர்ப்பில் இருந்து கைவிடப்பட்டவற்றின் வாரிசுகள். பல தலைமுறையாகக் காட்டில் வாழ்கின்றன. நிழற்குடை ஒன்றுக்கு எதிரே ஒரு சிறு கூட்டம் நின்றது. மழையில் குதிரை வரைய நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல மாடல் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பின்புறத்தைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, வாலை இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். நான் பலகையைப் பொருத்தி, வெள்ளையைப் பிதுக்கி, நடுவில் ஒரு டீயும் குடித்தேன். அவை அசையவில்லை.

ஈரமான குதிரை முதுகில் குதிரையின் நிறம் பாதிதான் இருக்கிறது. மேல்பகுதி முழுக்க வானம். செம்பழுப்புக் குதிரையின் இடுப்பு மேட்டில் அல்ட்ராமரைனும் வெள்ளையும் கலந்த சாம்பல் நீலத்தைத் துணிந்து வைத்த பிறகுதான் அது நனைந்த குதிரை ஆயிற்று. அதுவரை பொம்மை.

பள்ளிக்கூடம் விடுமுறையோ என்னவோ, பையன்கள் நாலைந்து பேர் நிழற்குடைக்குள் என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். யாரும் தொடவில்லை, பேசவும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒருவன் மட்டும், "அக்கா, அந்தக் குதிரைக்கு ஒரு கால் குட்டையா இருக்கு" என்றான். குதிரை நின்றபடி ஓய்வெடுக்கும்போது பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் ஊன்றியிருக்கும். அதைச் சொன்னேன். அவன் மழையில் இறங்கி, பத்தடி தூரம் போய், குனிந்து பார்த்துவிட்டு வந்து மற்றவர்களிடம் "கரெக்டுதான்டா" என்று தீர்ப்புச் சொன்னான். அதன் பிறகு எனக்குக் குடை பிடிக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

மதியம் கோடியக்கரை ஊருக்குள் போய் நண்டுக் குழம்போடு சாப்பாடு, 120 ரூபாய். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அதனால் மழைக்காலத்தில்தான் இங்கே சாப்பாட்டுக் கடைகளுக்கு உயிர். கடை அக்கா என் விரல்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் உமியும் கொண்டுவந்து கொடுத்தார். சோப்புக்குப் போகாத நீலம் அதற்குப் போனது. இதை எந்தக் கலைக்கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

நவம்பர் 23, வேதாரண்யம்

ராத்திரி முழுக்க மழை, காலையிலும் மழை. மின்சாரம் இல்லை. மாடிப்படியில் வைத்த குதிரைப் படம் நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

எண்ணெய் வண்ணம் காய்கிறது என்று சொல்கிறோமே தவிர அது ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. டர்பன்டைன் மட்டும்தான் ஆவியாகும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. வெளிச்சமும் சூடும் இருந்தால் சீக்கிரம் இறுகும். குளிர்ச்சி, இருட்டு, ஈரக்காற்று மூன்றும் சேர்ந்துகொண்டால் அதன் இஷ்டம்தான். வண்ணத்துக்கு வண்ணமும் மாறும். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் சட்டென்று இறுகும். டைட்டானியம் வெள்ளையும் ஐவரி கறுப்பும் நாள் கணக்கில் இழுக்கும். மே மாதம் இங்கே அம்பர் மறுநாளே விரல் வைக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. அப்போதைய தொல்லை புழுதி. இப்போதைய தொல்லை கொசு. குதிரைக்கு மேலே உள்ள வானத்தில் இரண்டு கொசுக்கள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.

மேனேஜர் வந்து பார்த்து, "ஃபேனுக்குக் கீழ வெச்சிருக்கலாமே" என்றார். கரண்டு இல்லையே சார் என்றேன். "ஆமால்ல" என்று போய்விட்டார்.

பத்து மணிக்குச் சற்று விட்டதால் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் ஆட்டோவில் போனேன். 150 ரூபாய், பேரம் பேசாமல். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடக்க ஆரம்பித்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். இந்த அகஸ்தியம்பள்ளியில்தான் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளினார்கள். நினைவுத்தூண் மழையில் கழுவி விட்ட மாதிரி நின்றது. ஏன் சித்திரை மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இந்த மாதத்தில் வந்து பார்த்தால் விளங்கும். இப்போது உப்பளமே இல்லை. பாத்திகளெல்லாம் முழுகி ஒரே ஏரி.

போன அறுவடையின் உப்புக் குவியல்கள் மட்டும் கீற்றும் தார்ப்பாயும் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. போர்வை விலகிய இடத்தில் உப்பு தெரிந்தது. வெள்ளை என்று நினைத்துக் கொண்டுபோன வண்ணத்தை வைத்தால் படம் ஓட்டையாகத் தெரிகிறது. மேகமூட்டத்தில் வானம்தான் வெளிச்சத்துக்கு மூலம். அதன் முன்னால் உப்புகூடச் சாம்பல்தான். ஒரு சின்னப் பலகையில் அதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "அளந்தாச்சா?" என்றார். இல்லைம்மா, படம் என்று காட்டினேன். "எங்க உப்பு இம்புட்டு அழுக்காவா இருக்கு?" என்று கோபித்துக்கொண்டார். வெயிலில் வந்து வரையச் சொன்னார். தை பிறந்து பாத்தி கட்டினால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அதுவரை கிடைத்த கூலி வேலை. தார்ப்பாய் கட்ட இன்றைக்கு அவருக்கு எவ்வளவு கூலி என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நவம்பர் 24, காட்டுக்குள்

மழை விட்டது. காலை ஆறரைக்கே வாசலில் நின்றேன். முந்தாநாள் பார்த்த அதே காவலர். "நடந்துதான் போகணும், நானும் வரேன்" என்று ஸ்டாண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

இந்தச் சரணாலயம் 1967இல் அமைந்தது, வெளிமானுக்காகவே. 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளே உலக்கைப்பாலையும் மற்ற மரங்களும் அடர்ந்த, வறட்சியிலும் பசுமை மாறாத காடு, நடுநடுவே புல்வெளி, விளிம்பில் சேறு, அப்புறம் கடல். வழியெல்லாம் சாய்ந்து கிடக்கிற பெருமரங்கள் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயலின் கணக்கு. அந்த வாரம் கரையில் ஒதுங்கிய மான்களையும் குதிரைகளையும் புதைத்ததைப் பற்றிக் காவலர் இரண்டே வரியில் சொல்லிவிட்டு, பாலத்தடியில் கிடந்த ஆமை ஓட்டுக்குப் பேச்சை மாற்றினார்.

புல்வெளியில் கணுக்கால் தண்ணீர். மான்களைக் காணோம். "மேட்டுக்கு ஏறியிருக்கும்" என்றார். ராமர் பாதம் இருக்கிற மணல்மேட்டுப் பக்கம் போனதும் தெரிந்தன. ஒரு கிடா, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெட்டைகள், குட்டிகள். நூறு மீட்டர் இருக்கும்.

மே மாதம் நான் வரைந்த கிடா வெளுத்த பழுப்பு. பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பில் கொஞ்சம் அம்பர் கலந்தால் முடிந்துவிடும் ஆள். வெளிமான் கிடாவுக்கு மழைக்காலத்துக்குப் பிறகு கருமை ஏறும், வெயில் ஏற ஏற வெளுக்கும். இன்று நின்றவன் அடர்ந்த காப்பி நிறம். கழுத்தும் விலாவும் ஈரத்தில் இன்னும் கறுத்து, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையமும் தாடையும் வயிறும் மட்டும் பளிச்சென்று. முறுக்கிய கொம்புகளில் வளையம் வளையமாகத் தண்ணீர் நின்றது பைனாகுலரில் தெரிந்தது. ட்யூபில் வருகிற கறுப்பை நான் தொடவில்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் வரும் கருமை, எது கூடுகிறதோ அந்தப் பக்கம் சாயும். முதுகில் நீலம் கூட, அடிவயிற்றோரம் அம்பர் கூட.

அசைகிற மிருகத்தை ஒரே தாளில் ஒரே படமாக வரைய முயல்வது வீண் வேலை. தலை நிமிர்ந்த நிலை, மேயும் நிலை, காதைத் திருப்பிய நிலை என்று ஒரே தாளில் அரைகுறையாக ஆறேழு தொடங்கி வைத்துவிட வேண்டும். மான் எந்த நிலைக்குத் திரும்பி வருகிறதோ அந்தக் கோட்டில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கிடாவைப் பொறுத்தவரை இன்னொரு வசதியும் உண்டு. அதைக் காவலர்தான் காட்டினார். "அங்க புழுக்கை குமிஞ்சிருக்கு பாருங்க மேடம். அது அவன் எல்லை. எங்க சுத்தினாலும் அங்க வந்து நிப்பான்." அப்படியே நடந்தது. பெட்டைகளை விரட்டிக்கொண்டு போவான், மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பான். சம்பளம் இல்லாத மாடல், நேரம் தவறாமல் வந்தான்.

தொல்லை மானில் இல்லை, தரையில் வந்தது. வெயில் காலத்தில் மானைத் தரையில் நிறுத்துவது நிழல். வயிற்றுக்குக் கீழே ஒரு கருநீலக் கோடு போட்டால் போதும், நான்கு காலும் ஊன்றிவிடும். புல்லில் பட்டுத் திரும்பும் வெயில் வெள்ளை வயிற்றில் மஞ்சளாக ஏறும். இன்று நிழலே கிடையாது. வரைந்த கிடா புல்லுக்கு மேலே ஓரடி உயரத்தில் மிதந்தான். ஒரு மணி நேரம் கால்களோடு மல்லுக்கட்டிய பிறகு, கால்களை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். மேட்டின் ஓரத்தில் தேங்கிய நீரில் வயிற்றின் வெள்ளை கலங்கலாக, நீளமாக, உடைந்து விழுந்திருந்தது. அந்த அழுக்கு வெள்ளையைத் தூரிகை நுனியால் நெட்டுக்குத்தாக இழுத்து, ஈரமாக இருக்கும்போதே குறுக்கே ஒருமுறை துடைத்தேன். கிடா இறங்கி நின்றுவிட்டான். வயிற்றிலும் மஞ்சளுக்குப் பதிலாகப் பச்சை கலந்த சாம்பல் வைத்தேன். மான் ஒரு வேலை, நிலம் ஒரு வேலை என்று பிரித்து வரைபவர்கள் படத்தில் விலங்கு ஏன் ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது என்பதற்குக் காரணம் வயிற்றில்தான் இருக்கிறது. தலையையும் கொம்பையும் பார்த்துப் பார்த்து வரைவார்கள், வயிற்றை யாரும் பார்ப்பதில்லை.

பச்சையைப் பற்றியும் ஒன்று. மழையில் இந்தக் காடு கண் கூசும் பச்சை. ட்யூப் பச்சையை அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் பாய் விரித்த மாதிரி ஆகும். அல்ட்ராமரைனோடு மஞ்சள் ஓக்கர் கலந்து, அதில் துளி சியன்னா சேர்த்துப் பச்சையின் வாயை அடைக்க வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்கு மறுபடி தூறல். அழுக்கு டர்பன்டைனை பாட்டிலில் திரும்ப ஊற்றி மூடினேன். காட்டில் ஒரு சொட்டும் கொட்டக் கூடாது, துடைத்த துணி உட்படத் திரும்பி வரவேண்டும். காவலர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். வாசலில் பிரியும்போது, "அடுத்த தடவ வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார்.

நவம்பர் 25, சேற்றுத்திடல்

பூநாரை பார்க்கப் போனேன். ரோஸ் நிறத்தை நிறையப் பிதுக்கி வைத்திருந்தேன். தேவைப்பட்டது ஒரு குன்றிமணி அளவு. தூரத்தில் நிற்கிற பூநாரைக் கூட்டம் ரோஸ் கிடையாது. அடிவானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் அழுக்கு வெள்ளைக் கோடு, இளம் பறவைகள் சாம்பல். பறக்கும்போது மட்டும் இறக்கைக்குள் ஒளித்து வைத்த சிவப்பும் கறுப்பும் திறக்கும். அது ஒரு நொடி, திரும்ப மூடிவிடும்.

வாடைக்காற்று பலமாக வீசியது. ஸ்டாண்டின் கழுத்தில் மணல் பை கட்டித் தொங்கவிட்டிருந்தேன், கயிறு அறுந்தது. பலகை பறந்துபோய்ச் சேற்றில் குப்புற விழுந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன மீனவர் ஒருவர் ஓடிப்போய் எடுத்தார். எடுத்த வேகத்தில் அவர் பெருவிரல் வானத்தில் பதிந்துவிட்டது. "ஐயய்யோ, கெடுத்துட்டேனே" என்று கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார், என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஒன்றும் கெடவில்லை அண்ணே என்று சொல்லி, ரேகை நன்றாக விழுந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். சேற்று மணலைச் சுரண்டினால் வண்ணமும் வருகிறது. காய்ந்தபின் தட்டிவிடலாம், எப்போது காயுமோ. சாயங்காலம் அவரே காலா மீன் இரண்டு கொண்டுவந்து சாப்பாட்டுக் கடை அக்காவிடம் கொடுத்து எனக்கு வறுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அக்கா வறுத்ததற்கும் காசு வாங்கவில்லை.

நவம்பர் 26, திரும்பும் வழி

ஈரப் பலகைகளை முகத்தோடு முகம் வைத்து, நான்கு மூலையிலும் தீக்குச்சித் துண்டு கொடுத்து, நடுவில் காற்று ஓடும்படி கட்டினேன். கிடா படத்துக்கு மட்டும் ஜோடி இல்லை. அதை மடியில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு பஸ் ஏறினேன். வேதாரண்யத்திலேயே கூட்டம். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண், கூடை நிறைய முல்லைப்பூ. வளைவு ஒன்றில் பஸ் சாய்ந்தபோது அவர் முந்தானை கிடாவின் முதுகில் உரசிவிட்டது. வெள்ளைப் பூப்போட்ட மஞ்சள் சேலையில் ஒரு சாண் அளவுக்குக் கருநீலம்.

நான் பதறிப்போய் டர்பன்டைனும் துணியும் எடுத்தேன். அவர் சேலையைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார். "மானுக்கு ஒன்னும் ஆகலையே?" என்றார். முதுகில் ஒரு வரி போயிருந்தது, தொட்டுச் சரிசெய்துவிடலாம் என்றேன். டர்பன்டைன் வைத்ததும் கறை பாதி போயிற்று, வாடை பஸ் முழுக்கப் பரவியது. முன் சீட்டுக்காரர் ஜன்னல் ஷட்டரைத் தூக்க, மழை உள்ளே அடிக்க, ஆளுக்கொரு பேச்சு. சேலைக்குக் காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. ஒரு முழம் முல்லையாவது விலைக்குக் கொடுங்கள் என்றதும் இரண்டு முழம் அளந்து, 40 ரூபாய்க்கு மட்டும் ஒத்துக்கொண்டார். கண்டக்டர் வந்தார். வந்த அன்றைக்குப் பார்த்த அதே ஆள் இல்லை, ஆனால் கேள்வி அதேதான். பூக்காரப் பெண் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "சர்வே இல்லய்யா, மான் படம். தள்ளி நில்லு, சட்டையில ஒட்டிக்கும்."